பழைய என்எஸ்ஃபாஸ் கடன் தானாகத் தள்ளுபடி ஆகிவிடாது

டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் பக்கம், நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் என்எஸ்ஃபாஸ் என்ற தென்னாப்பிரிக்க அரசின் மாணவர் நிதியுதவித் திட்டத்தால்தான் பட்டம் வாங்கினார்கள். 2018 முதல் அது திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகையாக மாறிவிட்டது, சரி, ஆனால் அதற்கு முன் கடனாக வாங்கியது கடன்தான். "எல்லாம் தள்ளுபடியாம்" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பிவிடாதீர்கள்.

முதல் வேலையாகக் கணக்கு விவரம் கேட்டு வாங்குங்கள். என் தங்கையின் தாளைச் சமையலறை மேசையில் விரித்து வைத்து, மஞ்சள் பேனாவால் அசலையும் வட்டியையும் தனித்தனியாகக் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது. பாடங்களில் நன்றாகத் தேறியிருந்தால் கடனில் 40 சதவீதம் வரை உதவித்தொகையாக மாற வழி இருந்தது, அது கணக்கில் வந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஆண்டுக்கு 30,000 ரேண்ட் சம்பளம் வரத் தொடங்கினால் கட்ட வேண்டும். அந்த நிலையில் சம்பளத்தில் 3 சதவீதம், அதாவது மாதம் 75 ரேண்ட், சம்பளம் ஏற ஏற 8 சதவீதம் வரை போகும். வேலை போய்விட்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், உடனே எழுதித் தெரிவியுங்கள். அப்புறம், வங்கியில் கட்டும்போது குறிப்பு எண் கேட்கும் இடத்தில் உங்கள் அடையாள எண்ணைப் போட்டு, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.