ஏஐ ஏஜென்ட்டின் பாவனை வர்த்தகத்திற்குக் கிரிப்டோ கேண்டில் தரவைப் பெறும் முறை

தானே முடிவெடுத்துச் செயல்படும் மென்பொருளான ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் உண்மைப் பணத்தை ஒப்படைக்கும் முன், கடந்தகால விலைகளின் மீது அதைப் பாவனையாக வர்த்தகம் செய்ய விட்டுப் பார்ப்பதே பொறுப்பான வழி. அந்தச் சோதனையின் முடிவை நம்ப வேண்டுமானால், முடிவெடுக்கும் நொடியில் சந்தையில் எவருக்கும் தெரிந்திருக்கக்கூடிய விலைகள் மட்டுமே ஏஜென்ட்டின் பார்வைக்கு வர வேண்டும். தரவை எடுப்பது, சேமிப்பது, கொடுப்பது ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே விதியை மனத்தில் வைத்தே அமைக்க வேண்டும்.

தரவைப் பெறுவதில் பெரிய சிரமம் இல்லை. ஒரு குறிப்பிட்ட கால இடைவெளியில் விலை எப்படி நகர்ந்தது என்பதன் சுருக்கமே கேண்டில். பைனான்ஸ் (Binance) போன்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் கேண்டில் தரவைப் பொது ஏபிஐ (நிரல்கள் தரவைக் கேட்டுப் பெறும் இடைமுகம்) வழியாகவே தருகின்றன. அதற்குக் கணக்கோ ஏபிஐ சாவியோ தேவையில்லை. பைனான்ஸின் 'கேலைன்ஸ்' (klines) என்ற ஏபிஐ முகவரிக்கு நாணய இணை, கால இடைவெளி, தொடக்க நேரம் ஆகியவற்றை அனுப்பினால், பழையதிலிருந்து புதியது என்ற வரிசையில் கேண்டில்கள் வரும். தொடக்க நேரம், தொடக்க விலை, உச்சம், தாழ்வு, முடிவு விலை, வர்த்தக அளவு, முடிவு நேரம் ஆகியவை ஒவ்வொரு கேண்டிலிலும் முதல் ஏழு புலங்களாக இருக்கும். நேரங்கள் உலகப் பொது நேரமான யுடிசி அடிப்படையில் மில்லி விநாடிகளில் தரப்படுகின்றன. 2024 ஜனவரி 1 நள்ளிரவில் தொடங்கும் ஒரு மணி நேரக் கேண்டிலின் தொடக்க நேரம் 1704067200000. முடிவு நேரம் 1704070799999, அதாவது அடுத்த கேண்டில் தொடங்குவதற்கு ஒரு மில்லி விநாடி முன்பு. விலைகள் எண்களாக அல்லாமல் எழுத்துச் சரங்களாக வருவதால், அவற்றைத் தசம வகைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 1000 கேண்டில்களே கிடைக்கும். ஓர் ஆண்டின் ஒரு நிமிடக் கேண்டில்கள் 5,25,600 என்பதால், அவற்றைப் பெற 526 கோரிக்கைகள் தேவைப்படும். கடைசியாக வந்த கேண்டிலின் முடிவு நேரத்துடன் ஒன்றைக் கூட்டி, அதையே அடுத்த கோரிக்கையின் தொடக்க நேரமாகக் கொடுத்தால் இடையில் எதுவும் விடுபடாது, இரு முறையும் வராது. கோரிக்கைகள் வரம்பை மீறிவிட்டன என்பதற்கான 429 என்ற குறியீட்டைச் சர்வர் பதிலாக அனுப்பினால், அது சொல்லும் நேரம்வரை நிறுத்திவிட்டுத் தொடர வேண்டும். பொருட்படுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் 418 என்ற பதிலுடன் ஐபி முகவரி தற்காலிகமாகத் தடுக்கப்படும். பல ஆண்டுத் தரவு வேண்டுபவர்கள், பைனான்ஸ் மாதவாரியாக வெளியிடும் ஜிப் கோப்புகளை இறக்கிக்கொள்வதே மேல். ஆனால் அவற்றில் ஸ்பாட் (நாணயத்தை உடனடியாக வாங்கி விற்கும்) சந்தைக் கோப்புகளின் நேரக் குறியீடுகள் 2025 ஜனவரி 1 முதல் மைக்ரோ விநாடிகளில் உள்ளன. பழைய கோப்புகளோடு இணைக்கும் முன் அலகை ஒன்றாக்க வேண்டும்.

வேறு எக்ஸ்சேஞ்சிலிருந்து எடுக்கும்போது, இதே நிரலை அப்படியே பயன்படுத்த முடியாது. காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச் ஒரு கோரிக்கைக்கு 300 கேண்டில்கள் வரை, புதியது முதலில் என்ற வரிசையில், நேரத்தை விநாடிகளில் தருகிறது. அங்கே தாழ்வும் உச்சமும் தொடக்க விலைக்கு முன்பாகவே வருகின்றன. கிராக்கன் மிகச் சமீபத்திய 720 கேண்டில்களை மட்டுமே தரும். எவ்வளவு பழைய தேதியைக் கேட்டாலும் அதற்கு முந்தையவை அந்த வழியில் கிடைக்காது. இந்த வேறுபாடுகளில் பலவற்றை சிசிஎக்ஸ்டி என்ற திறந்த மூல நூலகம் சமன் செய்து ஒரே வடிவில் தருகிறது.

பெற்ற தரவைச் சேமிக்கும் முன் சரிபார்க்க வேண்டும். அடுத்தடுத்த தொடக்க நேரங்களின் இடைவெளி சீராக இருக்கிறதா, உச்சத்தைவிட மற்ற விலைகள் மிகாமல் இருக்கின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலான கோளாறுகள் அகப்பட்டுவிடும். விடுபட்ட நேரங்களுக்கு விலையைக் கற்பனையாக நிரப்பக் கூடாது; எக்ஸ்சேஞ்ச் பராமரிப்பில் இருந்த நேரமாக அது இருக்கலாம், அப்போது எவராலும் வர்த்தகம் செய்திருக்க முடியாது.

இனி வருவதே மிகுந்த கவனம் தேவைப்படும் இடம். ஏஜென்ட்டுக்குத் தரவுத்தளத்தை நேரடியாகத் திறந்துவிடாமல், பாவனைக் கடிகாரத்தின் நேரத்தை (சோதனையில் 'இப்போது' என்று கொள்ளப்படும் நேரத்தை) பார்த்துத் தரவைக் கொடுக்கும் ஒரே ஒரு செயற்கூற்றை (function) எழுதி, அதன் வழியாக மட்டுமே கேட்க அனுமதியுங்கள். அந்தச் செயற்கூறு கேண்டிலின் முடிவு நேரத்தைக் கொண்டு வடிகட்ட வேண்டும், தொடக்க நேரத்தைக் கொண்டு அல்ல. கடிகாரம் காலை 11 மணியைக் காட்டும்போது ஏஜென்ட் தினசரிக் கேண்டிலைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய கேண்டிலின் தொடக்க நேரம் 00:00 என்பதால், தொடக்க நேரத்தால் வடிகட்டினால் அதுவும் பட்டியலில் வந்துவிடும். ஆனால் அதில் பதிவாகியிருப்பது அந்த நாள் முடியும் நள்ளிரவின் முடிவு விலை. பதின்மூன்று மணி நேர எதிர்காலத்தை ஏஜென்ட் அறிந்துகொள்கிறது. லாபம் வியக்கத்தக்கதாகத் தோன்றும், அதில் ஒரு துளியும் உண்மையில்லை. முழு ஆண்டின் உச்ச விலையால் வகுத்து விலைகளைச் சீராக்குவதிலும் எதிர்காலத் தகவல் இதேபோல் கசிகிறது.

நிகழ்நேர விலையில் பாவனை வர்த்தகம் செய்தாலும் இதே கவனம் தேவை. ஏபிஐ தரும் கடைசிக் கேண்டில் பெரும்பாலும் இன்னும் முடியாதது. அதன் முடிவு விலை என்பது அந்த நொடியின் விலைதான்.

ஒரு கேண்டில் முடிந்ததைப் பார்த்து எடுத்த முடிவை, அடுத்த கேண்டிலின் தொடக்க விலையில், கட்டணத்தையும் விலை நழுவலையும் (எதிர்பார்த்த விலைக்கும் உண்மையில் கிடைக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு) கழித்துக்கொண்டு நிறைவேற்றுங்கள். ஒரே கேண்டிலுக்குள் ஸ்டாப் லாஸ் விலையும் (நஷ்டத்தை நிறுத்த வெளியேறும் விலை) இலக்கு விலையும் (லாபத்தோடு வெளியேறும் விலை) தொடப்பட்டிருந்தால், எது முதலில் நடந்தது என்று அந்தக் கேண்டில் சொல்லாது. ஒரு நிமிடக் கேண்டில்களில் இறங்கிப் பாருங்கள். அதிலும் தெரியாவிட்டால் நஷ்டம் என்றே கணக்கிடுங்கள்.

மொழி மாதிரியை அடிப்படையாகக் கொண்ட ஏஜென்ட்டில் இன்னொரு கசிவும் உண்டு. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் சரிந்ததும் பிட்காயின் வீழ்ந்ததும் அதன் பயிற்சித் தரவிலேயே இருக்கும். நாணயப் பெயரையும் தேதியையும் மறைத்து, ஏஜென்ட் பார்க்கும் முதல் கேண்டிலின் விலையை 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தால் இது குறையும். முழுமையாகத் தவிர்க்க, மாதிரியின் பயிற்சித் தரவு முடிந்த தேதிக்குப் பிந்தைய கேண்டில்களை இறுதிச் சோதனைக்கென்று தனியே ஒதுக்கி வையுங்கள். ஏஜென்ட்டுக்குத் தரும் அறிவுறுத்தலை (பிராம்ப்ட்) திருத்தும் கட்டத்தில் அவற்றைத் தொடாதீர்கள்.