நோத்ர தாமில் முள்முடியை வணங்கப் போகிறீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இயேசுவின் தலையில் வைத்ததாக நம்பப்படும் முள்முடி பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் இருக்கிறது, ஆனால் அதில் முள்ளே கிடையாது. கோரைத் தண்டுகளை வளையமாக்கித் தங்க இழையால் கட்டியிருக்கிறார்கள், குறுக்களவு 21 செ.மீ. தான். இது தெரியாமல் போனால், நின்று நின்று கிட்டே போனதும் "இதுவா?" என்று தோன்றிவிடும். முட்களையெல்லாம் பேரரசர்களும் மன்னர்களும் ஒவ்வொன்றாகப் பரிசு கொடுத்தே தீர்த்துவிட்டார்கள். 1896இல் செய்த, கண்ணாடி போன்ற படிகக் குழாய்க்குள்தான் இப்போது வளையம் இருக்கிறது. குழாயின் மேல் தங்கத்தில் இலந்தை இனத்து முட்கிளை வேலைப்பாடு.

நாள் பார்த்துப் போங்கள். மாதத்தின் முதல் வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு வணக்கம் தொடங்கும், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் எல்லா வெள்ளியும், பெரிய வெள்ளியன்றும் உண்டு. நேரம் மாறலாம் என்பதால் கிளம்பும் முன் பேராலய அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. உங்கள் முறை வந்ததும் தலை வணங்கி நகர்ந்துவிடுங்கள், நீண்ட செபத்தைப் பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்து வைத்துக்கொள்ளலாம். அருளிக்கத்துக்கு, அதாவது இப்படிப் போற்றிப் பாதுகாக்கும் புனிதப் பொருளுக்கு, செய்வது வணக்கம்தான், ஆராதனை கடவுளுக்கு மட்டும். இயேசுவின் தலையில் இருந்தது இதேதான் என்று திருச்சபையும் அடித்துச் சொல்வதில்லை.

அப்புறம் இதன் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் பார்வையே மாறிவிடும். கான்ஸ்டான்டினோபிளை (இன்றைய இஸ்தான்புல்) ஆண்ட பேரரசர் இரண்டாம் பால்டுவினின் அரசில் காசில்லாமல் போகவே, முள்முடியை வெனிஸ் வணிகர்களிடம் அடகு வைத்துவிட்டார்கள் (ஆமாம், நகையை வைப்பது போலத்தான்). பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயி பெருந்தொகை கொடுத்து அதை மீட்டு, 1239 ஆகஸ்டில் அரச உடையைக் களைந்துவிட்டு வெறுங்காலோடு தானே சுமந்து வந்தார். அதை வைக்கவென்றே அவர் கட்டியதுதான் சேன்ட் ஷப்பெல் கோயில். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1806இல் நோத்ர தாமுக்கு வந்தது. 2019 ஏப்ரல் 15 மாலை கூரை பற்றி எரிந்தபோது வெளியே எடுத்துக் காப்பாற்றி, 2024 டிசம்பர் 13 அன்று திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சேன்ட் ஷப்பெல், நோத்ர தாம் இருக்கும் தீவிலேயே நடக்கிற தூரத்தில் இருக்கிறது, அதற்கு மட்டும் தனி டிக்கெட் வேண்டும். வெயில் இருக்கும்போதே மாடிக்கு ஏறுங்கள். அங்குள்ள 15 வண்ணக் கண்ணாடிச் சாளரங்களில் ஒன்று முள்முடி உள்ளிட்ட அருளிக்கங்கள் பாரிஸுக்கு வந்த கதையைச் சொல்கிறது, அதைத் தேடிப் பாருங்கள்.