பெயரை நம்பாமல் கைனேஸ் மரபணுவைக் கண்டுபிடிப்பது எப்படி

கைனேஸ் என்பது பொஸ்பேற்றை ஏற்றும் நொதியம். மனிதக் கைனேஸ் மரபணுக்களைத் திரட்டி நான் போட்ட முதல் பட்டியலில் ஹெக்சோகைனேஸ் இருந்தது. கிரியற்றின் கைனேஸும் இருந்தது. 2022 பங்குனிக் கடைசி, இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலம். பற்றரி இறங்குவதற்குள் முடிக்கவேண்டும் என்ற அவதியில் 'கைனேஸ்' என்று தேடி, வந்ததையெல்லாம் அப்படியே அள்ளிப் போட்டுவிட்டேன். ஹெக்சோகைனேஸ் பொஸ்பேற்றை ஏற்றுவது குளுக்கோசில். நாம் தேடுவது, இன்னொரு புரதத்தின் மேல் பொஸ்பேற்றை ஏற்றி அதன் வேலையை முடுக்கியும் அடக்கியும் விடுகிற நொதியங்களை. கலம் பிரிவதும் இன்சுலினின் செய்தி கலத்துக்குள் போவதும் இவற்றின் கையில்தான் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பட்டியலில் எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

இப்போது கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில், இறுதியாண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகள் சிலருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். போன கிழமை ஒருத்தி கேட்டாள்: "பேரிலேயே கைனேஸ் எண்டு கிடக்குது அக்கா, பிறகென்னத்தைப் பாக்கிறது?" இரண்டு மரபணுக்களை எழுதிக் கொடுத்தேன். ஒன்று பி.ஆர்.கே.ஏ.ஆர்.1ஏ. அதன் முழுப்பெயரில் 'புரோட்டீன் கைனேஸ்' இருக்கிறது. ஆனால் அது பி.கே.ஏ. என்ற கைனேஸைப் பிடித்து அடக்கி வைக்கும் துணை அலகு மட்டுமே, அதற்குள் கைனேஸ் பகுதியே கிடையாது. மற்றது இன்சுலின் ஏற்பி. பெயரில் கைனேஸ் என்ற சொல்லே இல்லை, ஆனால் அது முழுமையான ரைரோசின் கைனேஸ், அதாவது புரதத்தின் ரைரோசினில் பொஸ்பேற்று ஏற்றும் வகை.

சரி, செய்முறைக்கு வருவோம். யூனிபுரொட் என்ற புரதத் தரவுத்தளத்தில் மனிதப் புரதங்களில் ஆட்கள் சரிபார்த்த தொகுதியை மட்டும் எடுங்கள். இருபதாயிரத்துச் சொச்சம் புரதங்கள், ஆனால் கோப்பு ஒரு பாட்டு வீடியோ அளவுகூட வராது, போன் டேற்றாவே போதும். இறக்கிய திகதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். அப்புறம் பிஃபாம் என்ற புரதக் குடும்பத் தரவுத்தளத்திலிருந்து, கைனேஸ் பகுதியின் வரிசை எப்படி இருக்கும் என்று சொல்லும் இரண்டு மாதிரிகள் வேண்டும்: பி.எஃப். 00069, பி.எஃப். 07714. எச்.எம்.எம்.இ.ஆர். என்ற இலவச மென்பொருளால் இந்த இரண்டையும் எல்லாப் புரதங்களிலும் தேடவிடுங்கள். எவ்வளவு பொருந்தினால் ஏற்பது என்ற வெட்டுப்புள்ளியை நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம், மாதிரியோடு பிஃபாம் தருவதையே பாவியுங்கள். பழைய மடிக்கணினிகூட இதைத் தாங்கும். ஒரே புரதம் இரண்டு மாதிரியிலும் அகப்படும், ஒருமுறைதான் எண்ணவேண்டும்.

இனித்தான் உண்மையான வேலை, அதைக் கண்ணால் செய்யவேண்டும். நான் பிள்ளைகளை முதலில் சி.டி.கே.2 என்ற கைனேஸின் வரிசையைக் கொமினிக்கேஷன் கடையில் அச்செடுத்து வரச் சொல்வேன். ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு எழுத்தாக 298 எழுத்து, ஒரு தாளுக்குள் அடங்கிவிடும். பச்சைப் பேனையால் 11, 13, 16 ஆம் இடங்களை வட்டமிடுங்கள். மூன்றும் கிளைசின், பொஸ்பேற்றைக் கொடுக்கும் ஏ.ரி.பி. மூலக்கூறின் பொஸ்பேற்றுகளுக்கு மேல் மூடிபோல் வளைந்து நிற்பவை. 33 ஆம் இடத்தில் லைசின், அந்தப் பொஸ்பேற்றுகளைப் பிடித்து வைப்பது. 51 இல் குளூற்றமிக் அமிலம், லைசினை அதன் இடத்தில் நிறுத்துவது. சிவப்புப் பேனையை 127 க்கு வைத்திருங்கள். எச், ஆர், டி என்று மூன்று எழுத்து வரும், அதில் கடைசி டி தான் வினை நடக்கும் இடம். 145 இல் டி, எஃப், ஜி தொடங்கும், அந்த டி மக்னீசியத்தைப் பிடிக்கும். நடுவில் எத்தனை எழுத்து மாறினாலும் இந்த ஒழுங்கு மாறாது. சி.டி.கே.2 ஐ இப்படி ஒருதரம் கையால் செய்தவருக்கு, மென்பொருள் காட்டும் ஐந்நூறு வரிசைகளிலும் கண் தானாக அந்த இடங்களுக்குப் போகும்.

எழுத்து தவறும் இடங்களில் நிதானம் வேண்டும். ஏர்பி3 என்ற புரதத்தில் எச், ஆர் வரும், டி இருக்கவேண்டிய இடத்தில் 'என்' என்ற எழுத்து வரும். குடும்பம் கைனேஸ் குடும்பம்தான், ஆனால் பொஸ்பேற்று ஏற்றும் வேலை அதனிடம் மிகக் குறைவு. அது ஏர்பி2 வுடன் சோடி சேர்ந்துதான் செய்தியைக் கடத்துகிறது. இப்படியானவற்றைப் போலிக் கைனேஸ் என்கிறோம். மனிதக் கைனேஸ்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்த வகை. பட்டியலிலிருந்து வெட்டி எறியாதீர்கள், தனி நிரலில் குறியுங்கள். ஆனால் வழக்கமான இடத்தில் லைசின் இல்லை என்பதற்காக டபிள்யூ.என்.கே.1 என்ற கைனேஸையும் அதே நிரலில் தள்ளினால் பிழை. அதன் பெயரே லைசின் இல்லாதது என்ற பொருளில் வைத்ததுதான். ஆனால் கிளைசின் பகுதியில் இருக்கும் இன்னொரு லைசின் அந்த வேலையைச் செய்கிறது, நொதியம் நன்றாகவே இயங்குகிறது. இந்த மரபணுவில் வரும் சில மாற்றங்கள் பரம்பரையாக உயர் இரத்த அழுத்தத்தைக் கொடுக்கின்றன. ஒரு எழுத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு செய்தும் ஏ.ரி.எம்., எம்ரோர் என்ற கைனேஸ்கள் இரண்டும் அகப்பட்டிருக்காது. அவை புரதங்களில் பொஸ்பேற்று ஏற்றினாலும் அவற்றின் வரிசை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அவற்றுக்கு பி.எஃப். 00454 ஐத் தனியாக ஓடவிடவேண்டும். அதில் கொழுப்பில் பொஸ்பேற்று ஏற்றும் நொதியங்களும் சேர்ந்து வரும், ஒவ்வொன்றாகப் படித்துத்தான் பிரிக்கலாம். ரியோ, அல்பா கைனேஸ் குடும்பங்களுக்கும் தனி மாதிரிகள் உண்டு. 2002 இல் ஜெராட் மானிங்கும் கூட்டாளிகளும் வெளியிட்ட பட்டியலில் 518 மரபணுக்கள், அவற்றில் 478 வழமையான குடும்பம், 40 இப்படி விலகியவை. உங்கள் எண் 300 இல் நின்றால் எங்கோ வடிகட்டி இறுகிவிட்டது. 700 என்று வந்தால், அநேகமாக ஒரே மரபணுவின் பல வடிவங்களைத் தனித்தனியாக எண்ணியிருப்பீர்கள். அதே ஆய்வு கைனேஸ் மரபணுக்களின் வேலை செய்யாத 106 செத்த பிரதிகளையும் மரபுத்தொகுதியில் கண்டது. டி.என்.ஏ.யில் நேரடியாகத் தேடுபவர்கள் அவற்றில் மாட்டுப்படுவார்கள், புரதத்திலிருந்து தொடங்கினால் அந்தத் தொல்லை குறைவு.

கடைசியாக, ஒரு மரபணுவுக்கு ஒரு வரி. ஜாக்2 என்ற புரதத்தில் இரண்டு கைனேஸ் பகுதிகள் உண்டு, ஒன்று வேலை செய்வது, மற்றது அதை அடக்குவது. இரண்டு வரியாக எழுதினால் எண்ணிக்கை கெடும். அடக்கும் பகுதியைப் போலி என்று விட்டுவிட்டால், செங்குருதிக் கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகும் நோயில் 617 ஆம் இடத்தில் வாலின் பீனைல்அலனினாக மாறுவதைத் தவறவிடுவீர்கள், அந்த மாற்றம் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. போன கிழமை கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை தன் தாளில் ஜாக்2 வுக்கு நேரே சிவப்பும் பச்சையும் இரண்டு தரம் வட்டமிட்டுக்கொண்டு வந்தாள். வரி ஒன்றுதான் போட்டிருந்தாள்.