ராட்சத மட்டிகளுக்கு ஒளி அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரீஃப் தொட்டியில், அதாவது பவளங்கள் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், வளரும் ராட்சத மட்டி ஒன்று ஒளி போதாமல் இறக்கும்போது, அதற்கு ஒளிதான் காரணம் என்பது பெரும்பாலும் வளர்ப்பவருக்குத் தெரிவதே இல்லை. ட்ரைடாக்னா வகை மட்டிகளின் மேன்டில் என்னும் வண்ணச் சதைமடலுக்குள் சூசாந்தெல்லே எனப்படும் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கையால் உருவாக்கும் சர்க்கரைப் பொருள்களே மட்டியின் முதன்மையான உணவு. வெளிச்சம் குறைந்த தொட்டியிலும் மட்டி தன் உடலில் சேர்த்துவைத்ததைக் கரைத்துக்கொண்டு, மடலை விரித்தபடி, சில மாதங்கள் நலமாக இருப்பது போலவே தோன்றும். பிறகு அது சுருங்கி இறக்கும்போது, அந்த வாரம் மாற்றிய உப்பின் மீதோ புதிதாக விட்ட மீனின் மீதோ பழி விழுகிறது.

இந்தத் தவறின் வேர் ஒளியைக் கண்ணால் அளப்பதில் இருக்கிறது. மனிதக் கண் பச்சையையும் மஞ்சளையும் மிகப் பிரகாசமாக உணரும். பாசிகளோ நீல ஒளியையே மிகுதியாக உறிஞ்சும். ஆகவே நமக்கு மங்கலாகத் தெரியும் நீல எல்.இ.டி. விளக்கு மட்டிக்குத் தாங்க முடியாததாகவும், கண் கூசும் வெள்ளை விளக்கு அதற்குப் போதாததாகவும் இருக்கக்கூடும். கைபேசிச் செயலிகள் காட்டும் லக்ஸ் அளவும் மனிதக் கண்ணின் உணர்திறனை ஒட்டியே வகுக்கப்பட்டது என்பதால், நீலம் மிகுந்த விளக்குகளின் கீழ் அதை நம்ப முடியாது. வாட் எண் விளக்கு உண்ணும் மின்சாரத்தைச் சொல்கிறதே தவிர, மட்டியின் மேல் விழும் ஒளியைச் சொல்வதில்லை. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டரை, மட்டி அமரப்போகும் இடத்திலேயே நீருக்குள் வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. கருவியின் விலை அதிகம்தான். ஆனால் ஒரு நாள் இரவல் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ தொட்டியின் பல இடங்களில் அளந்து குறித்துக்கொண்டால், விளக்கையோ அதன் அமைப்பையோ மாற்றும்வரை அந்தக் குறிப்பு உதவும்.

அளந்த எண்ணை எல்லா மட்டிகளுக்கும் பொதுவாகக் கொள்வதும் தவறு. ட்ரைடாக்னா இனங்களில் குரோசியாவும் மேக்சிமாவும் ஆழம் குறைந்த, வெயில் நேராக விழும் பவளத்திட்டுகளில் பாறையைப் பற்றி வாழ்பவை. தொட்டியில் இவற்றுக்கு, பார் மீட்டர் காட்டும் அளவில், நொடிக்கு ஒரு சதுர மீட்டரில் 250 முதல் 400 மைக்ரோமோல் வரை இலக்காகக் கொள்ளலாம். டெராசா, ஸ்குவாமோசா ஆகிய இனங்கள் 150 முதல் 250 வரையிலான ஒளியிலேயே நன்கு வளரும். நீலப் புள்ளிகளின் அழகைக் கண்டு மேக்சிமாவை வாங்கிவந்து, ஆழமான தொட்டியின் மணல் தரையில் டெராசாவைப் போல வைத்துவிடுவது மிக அதிகமாகக் காணப்படும் தவறுகளில் ஒன்று.

இந்தியாவில் உள்ளவர்களுக்கு இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மேக்சிமா, ஸ்குவாமோசா ஆகிய இரண்டும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. லட்சத்தீவுக் கடலில் இயற்கையாக வாழும் இவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். ராட்சத மட்டிகளின் பன்னாட்டு வணிகமும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வளர்ப்பவர்களும் உரிய ஆவணங்களோடு வரும் பண்ணை மட்டிகளையே வாங்குவது நல்லது.

குறைந்த ஒளி மாதக்கணக்கில் கொல்லும் என்றால், திடீரென்று மிகும் ஒளி நாள்கணக்கில் கொல்லும். கடைத் தொட்டிகளின் வெளிச்சம் பெரும்பாலும் மங்கலானது. அதற்குமேல் பயணப் பையின் இருட்டு வேறு. அந்த நிலையிலிருந்து வந்த மட்டியை, வெயில் விரும்பும் இனம்தானே என்று முதல் நாளே விளக்குக்கு நேர்கீழே உயரமான பாறையில் வைத்தால், பாசிகள் தாம் பயன்படுத்த இயலாத ஒளியின் மிகுதியால் நச்சு ஆக்சிஜன் சேர்மங்களை உருவாக்குகின்றன. மட்டி அந்தப் பாசிகளை வெளியேற்றத் தொடங்குகிறது. மடலின் நடுப்பகுதி வெளிறி, கண்ணாடி போலத் தெளிந்துவிடுகிறது. இதைத் தவிர்க்க, விளக்கின் செறிவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துத் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். தொட்டியின் பவளங்களுக்கு அது ஒத்துவராது என்றால், மட்டிக்கு மேலே மட்டும் சில அடுக்கு வலையை விரித்து ஒவ்வொன்றாக எடுக்கலாம். ஒளி மங்கிய பழைய டி5 குழல் விளக்குகளை (மெல்லிய டியூப் லைட்டுகளை) எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தும் நாளிலும் இதே கவனம் வேண்டும்.

வெளிறிய மட்டியைக் கண்டு பதறி இடம் மாற்றுபவர்கள் பலர். பாறையைப் பற்றியிருக்கும் பைசஸ் இழைகளைப் பிடித்து இழுத்தால் அவற்றைச் சுரக்கும் உறுப்பே கிழிந்துவிடும். அந்தக் காயத்திலிருந்து மட்டி மீள்வது கடினம். மட்டியை அசைக்காமல் விளக்கைக் குறைப்பதே பாதுகாப்பானது. முதலிலேயே ஒரு சிறு கல்லின் மேல் அமர்த்தியிருந்தால், தேவைப்படும்போது கல்லோடு நகர்த்திவிடலாம்.

ஒளி மேலிருந்து விழ வேண்டும் என்பதும் மறக்கப்படுகிறது. மடல் பார்வையாளரை நோக்கி இருக்கட்டும் என்று மட்டியைச் சாய்த்து வைத்தால், அது ஒளியை நோக்கித் திரும்ப முயன்று, பற்றிய இடத்தை விட்டு உருண்டு விழக்கூடும். முழுச் செறிவு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். போதாத ஒளியை நேரத்தை நீட்டி ஈடுகட்டும் பழக்கம் பாறைகளில் வேண்டாத பாசியைத்தான் வளர்க்கும்.

ஒளி சரியாக இருக்கிறதா என்பதை மடலின் நிறத்தைவிட ஓட்டின் விளிம்பு நம்பகமாகச் சொல்லும். வளரும் மட்டியின் ஓட்டு விளிம்பில் தூய வெள்ளை நிறத்தில் ஒரு புதிய பட்டை தெரியும். மாதக்கணக்கில் அது தோன்றாவிட்டால், மடல் எவ்வளவு அழகாக விரிந்திருந்தாலும் மட்டி பட்டினி கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மடலின் ஓரத்தில் நூற்றுக்கணக்கான நுண்ணிய கண்கள் இருப்பதால், கையின் நிழல் பட்டவுடன் நலமான மட்டி சட்டென்று உள்ளிழுத்துக்கொள்ளும். அதை நோய் என்று எண்ண வேண்டியதில்லை. நல்ல ஒளியில் ஓடு வேகமாக வளர்வதால் நீரின் கால்சியமும் காரத்தன்மையும் விரைவில் குறையும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அளவீடு சரியாக இருந்தும் மட்டி சுருங்கினால், விளக்கைத் தொடுவதற்கு முன் வேறு இரண்டைச் சோதியுங்கள். நைட்ரேட் சுழியமாக இருந்தால், பாசிகளுக்கு நைட்ரஜன் கிடைக்காமல் எந்த ஒளியிலும் மட்டி வெளிறும். விளக்கு அணைந்து சில மணி நேரம் கழித்துக் கைவிளக்கால் ஓட்டின் விளிம்பையும் அடிப்பகுதியையும் பார்த்தால், அரிசிமணியைவிடச் சிறிய வெண்ணிற ஒட்டுண்ணி நத்தைகள் மட்டியின் உடல்நீரை உறிஞ்சிக்கொண்டிருப்பது தெரியவரலாம். ஓட்டை மென்மையான தூரிகையால் தேய்த்து அவற்றை அகற்றி, அவை இட்ட முட்டைகளும் பொரிந்து தீரும்வரை இதைச் சில வாரங்கள் தொடர வேண்டும்.