ஒரு அரளிப்பூவை மூன்று பேரிடம் கற்பது எப்படி?

நாகர்கோவிலில் என்னிடம் பாலிமர் கிளே (அடுப்பில் சூடாக்கினால் இறுகுகிற பிளாஸ்டிக் களிமண்) கம்மல் செய்யப் பழக வருகிற பெண்கள் முதலில் கேட்பது, "அக்கா, யார்கிட்டப் படிச்சா நல்லது?" என்பதைத்தான். ஒருவரிடம் மட்டும் படித்தால் அவர் கை உங்கள் கையில் ஏறிவிடும். ஒரே சமயத்தில் நாலு பேரிடம் ஓடினாலோ எதுவுமே பிடிபடாது. அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வேறு வேறு பாணிக்காரர்களிடம் ஒருவர் பின் ஒருவராகப் படியுங்கள்.

நமக்குத் தோதான பொருள் அரளிப்பூ. தோவாளை பூச்சந்தையில் கொஞ்சம் வாங்கி மேசைமேல் வையுங்கள். படத்தைப் பார்த்துச் செய்ய வேண்டாம். (அரளி விஷம், தொட்டபின் கையைக் கழுவுங்கள், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.)

முதலில், விரலாலேயே உருவம் பிடிக்கிற ஒருவர். அவர் செய்து முடித்த பூவைவிட அவர் விரலைக் கவனியுங்கள். சின்ன உருண்டையை ஒரு முனை கூராக உருட்டுவார், தட்டையாக்குவார், ஓரத்தை மட்டும் மெலிதாக அழுத்திக்கொண்டே போவார். அடி தடிமனாகவே இருக்கும். ஒற்றை அரளிக்கு ஐந்து இதழ். எல்லாம் ஒரே பக்கமாகச் சற்றுத் திருகி, காற்றாடி மாதிரி நிற்கும். அந்தத் திருகல் வரும்வரை அடுத்தவரிடம் போகாதீர்கள்.

அப்புறம், கேன் செய்கிற ஒருவர். உள்ளே பூ வடிவம் முழு நீளத்துக்கும் ஓடுகிற கிளே உருளையைத்தான் கேன் என்கிறோம். வெட்டும் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ வரும். நிறம் மெல்ல மாறுவதற்கு ஜூடித் ஸ்கின்னர் கண்ட முறையைத்தான் இன்று எல்லோரும் சொல்லித்தருகிறார்கள். வெள்ளை ஒரு முக்கோணம், சிவப்பு ஒரு முக்கோணம், இரண்டையும் சேர்த்துச் சதுரமாக்குங்கள். வெள்ளை வெள்ளையோடும் சிவப்பு சிவப்போடும் படும்படி மடித்து, உருட்டித் தட்டையாக்குங்கள், இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். மடிக்கும் திசையை மாற்றவே கூடாது. குளிர்நாட்டுக் கலைஞர்கள் கிளேயை வெகுநேரம் பிசைந்து இளக்குவார்கள். நம் வெயிலில் அது தானே குழைந்து கிடக்கும். கேனைச் சற்று நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு வெட்டுங்கள், பூ நசுங்காது.

மூன்றாவது ஆள் கிளேயைத் தொட்டவராகவே இருக்க வேண்டாம். தோவாளையில் மாணிக்கமாலை (மாணிக்கக்கல் பதித்தது போலத் தெரியும் பூமாலை) கட்டுகிறவர் பக்கத்தில் அனுமதி கேட்டு உட்காருங்கள். அரளியை மடித்து, நொச்சி இலையைச் சேர்த்து, மாலை தட்டையாக விழும்படி கட்டுகிற அந்த ஒழுங்கு எந்த கிளே வகுப்பிலும் கிடைக்காது. வடசேரி கோவில் நகையில் சிவப்புக்கல் பதிக்கும் வரிசையும் அப்படித்தான்.

வேகவைக்கும் விஷயத்தில் மட்டும் ஆசிரியர் சொல்வதைவிடப் பாக்கெட்டில் இருப்பதை நம்புங்கள். ஃபிமோ, பிரீமோ இரண்டும் கிளே பிராண்டுகள். ஃபிமோவுக்கு 110 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். பிரீமோவுக்கு 130 டிகிரி, 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 30 நிமிடம். ஓடிஜி என்கிற மின்சார பேக்கிங் அடுப்புக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். கருகினால் மூச்சைப் பாதிக்கும் புகை வரும், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கிளேக்கு எடுத்த கத்தியும் தட்டும் மறுபடி சமையலுக்குப் போகக்கூடாது.

வகுப்பில் செய்த டிசைனை அப்படியே விற்க நினைத்தால், சொல்லித்தந்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்று பேரிடமும் படித்து நீங்களாகச் சேர்த்துச் செய்த அரளியை யாரிடமும் கேட்காமல் விற்கலாம்.