வேதக் கோயில் யன்னல்ல தண்ணி ஓடுற மாதிரி கலர் கண்ணாடி டிசைன் பண்றது எப்பிடி

முதல்ல பேப்பர் எடுக்காதீங்க, அந்த யன்னல் எழுவான் (கிழக்கு) பக்கமா படுவான் (மேற்கு) பக்கமா எண்டு பாருங்க. எழுவான் பக்கம் எண்டா காலமைப் பூசைக்கு கடல் பக்க வெயில் நேரா அடிக்கும், கடும் நீலம் கடும் பச்சை எல்லாம் தாங்கும். படுவான் பக்கம் பின்னேர மஞ்சள் வெயில், அதில கடும் நீலம் செத்துப்போயிரும், இளம்பச்சையும் தேன் கலரும் போடுங்க.

தண்ணி எண்டதும் எல்லாரும் முழுக்க நீலம் கேப்பாங்க, அது வேணாம். கண்ணாடியில நீலம் பரவுற நிறம், தூரத்தில நிண்டு பாத்தா பக்கத்து நிறத்தையும் விழுங்கிரும். மூண்டில ஒரு பங்காவது கலர் இல்லாத கண்ணாடி விடுங்க, உள்ளுக்கு காத்துக் குமிழி இருக்கிறது கிடைச்சா இன்னும் வடிவு.

மறுகா ஒரு நாள் வெள்ளண மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில நிண்டு வாவியைப் பாருங்க. கிட்ட இருக்கிற சிற்றலை ஒவ்வொண்டும் நீட்டு இலை மாதிரி இருக்கும், ஒரு பக்கம் வானத்து வெள்ளை மறுபக்கம் பாசிப்பச்சை, தூரப் போகப் போக மெலிஞ்சு வெறும் கோடாகிரும். அந்தக் கோடுதான் உங்கட ஈயக்கோடு, அதாவது கண்ணாடித் துண்டுகளைப் பிடிச்சு வைக்கிற ஈயப்பட்டி, தண்ணி ஓடுறதைக் காட்டுறது கலர் இல்ல, ஈயம்தான்.

கதைக்கு எனக்கு ஆகப் பிடிச்சது பைபிள்ல எசேக்கியேல் 47ஆம் அதிகாரம். ஆலயத்து வாசல்ல இருந்து கிழக்கால தண்ணி ஓடும், கணுக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, பிறகு நீந்தினாத்தான் கடக்கலாம், கடைசியா வலை காயப்போடுற மீன்பிடிகாரரும் வருவாங்க. நாலு யன்னல் வரிசையா இருந்தா ஒவ்வொண்டிலயும் தண்ணியை உயத்திக்கொண்டு போங்க, நம்மட சனத்துக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்ல.

இனி யன்னல் அளவுக்கே முழுசா வரைஞ்சு துண்டுக்கு நம்பர் போடுங்க, ஈயத்தின்ட நடுத்தண்டுக்கு துண்டுகளுக்கு இடையில கிட்டத்தட்ட 2 மில்லிமீற்றர் விடோணும், இல்லாட்டி கடைசியில பிரேமுக்குள்ள போகாது. கண்ணாடி வெட்டுற கட்டர் சில்லை மண்ணெண்ணையில தொட்டு ஒரே இழுவை, அதே கோட்டில ரெண்டாந்தரம் இழுத்தா சில்லும் பழுது வெட்டும் பழுது. அலைக்குள்ள ஆழமா உள்வளைவு வச்சு எனக்கு மூண்டு துண்டு அடுத்தடுத்து வெடிச்சது, அதுக்குப் பிறகு வளைவின்ட ஆழத்தில இருந்து ஒரு ஈயக்கோட்டை ஓரம் வரைக்கும் இழுத்து ரெண்டு துண்டாக்கிருவன், பாக்கிறவங்களுக்கு அதுவும் ஒரு அலைதான்.

ஈயம் தொட்ட கையை சோப் போட்டுக் கழுவாம சாப்பிடாதீங்க, பிள்ளையளைக் கிட்ட விடாதீங்க.

கடற்கரைக் கோயில் எண்டா தாங்குகம்பிக்கு சாதா இரும்பு வேணவே வேணாம், உப்புக்காத்தில கறள் பிடிச்சு வீங்கி கண்ணாடியை வெடிக்க வைக்கும், நல்ல ஸ்ரெயின்லெஸ் போடுங்க. ஆளிவிதை எண்ணையில குழைச்ச புட்டியை ஈயத்துக்குள்ள நல்லா அமத்தி, நவம்பர் மாரிக்கு முதல் காய விடுங்க. கீழ்க் கட்டையில சின்னதா ரெண்டு ஓட்டையும் விடோணும், உள்ளுக்கு வடியிற தண்ணி வெளியால போகட்டும்.