இரட்டை டிரான்ஸ்ஃபர் கேஸும் டிரைவ் ஷாஃப்டும்

அமெரிக்காவின் யூட்டா மாநில மோவாப் பாறைகளில் ஏற என் 1985 டொயோட்டா பிக்கப்பை நாலு அங்குலம் தூக்கி, இரண்டாவது டிரான்ஸ்ஃபர் கேஸும் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) போட்டேன். மெதுவாக, பலமாக ஏற உதவும் லோ கியர் விகிதம் 2.28-லிருந்து 5.2 ஆனது, அருமை. ஆனால் கேஸ் பின்னால் தள்ளிப்போனதால், அங்கிருந்து பின் ஆக்சிலைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் குட்டையாகி, சாய்வு கூடி, வேகமெடுத்தாலே தரை அதிர்ந்தது. ஷாஃப்ட் முனையில் வளைந்து சுழலும் ஜாயின்டைக் கழற்றினால், உள்ளே இருந்த ஊசி பேரிங் செந்துருப் பொடியாக உதிர்ந்தது.

சரி என்று, மேல் முனையில் டபுள் கார்டன் ஜாயின்ட் (இரண்டு ஜாயின்டுகள் சேர்ந்தது) உள்ள ஷாஃப்டுக்கு மாறினேன். அதற்கு, ஷாஃப்டின் கீழ் முனை சேரும் ஆக்சிலின் பினியன், ஷாஃப்டை நோக்கி நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஆப்பு வைத்து ஆக்சிலைத் திருப்பினேன். இரு முனையிலும் ஒற்றை ஜாயின்ட் உள்ள சாதா ஷாஃப்ட் என்றால் இப்படிச் செய்யவே கூடாது, இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும்.

முன் ஷாஃப்டோ நீளமாக வேண்டும். சக்கரம் முழுக்கத் தொங்கும்போதும் ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும், பற்கள் கொண்ட வழுக்கு இணைப்பு) கழன்றுவிடக் கூடாது. அதனால் வண்டியைத் தரையில் நிறுத்தி ஒருமுறை, ஜாக்கியில் தூக்கி ஒருமுறை அளந்த பிறகுதான் ஆர்டர் கொடுத்தேன்.